சாப்பிட்டதும் வயிறு வலிக்கிறதா? குடலுக்கு ரத்தம் குறைவது பற்றி முழுமையான வழிகாட்டி

சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் வயிற்றைக் கவ்விப் பிடிக்கிற வலி வந்தால் நம் வீடுகளில் அதற்கு இரண்டே பெயர்கள்: கேஸ், அல்சர். முதலில் சீரகத் தண்ணீர் அல்லது ஓமத் தண்ணீர் கொடுப்போம். அடங்காவிட்டால் மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வாங்குவோம். பெரும்பாலான வயிற்று வலிக்கு இதுவே போதும். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் மாதக்கணக்கில் வலி போகவில்லை, சாப்பிடவே பயமாக இருக்கிறது, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார் என்றால், குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அடைபட்டிருக்கலாம். இதயத் தமனி அடைபட்டால் நெஞ்சு வலிக்கும், அந்த வலிக்கு ஆஞ்சைனா என்று பெயர். குடல் தமனி அடைபட்டால் வயிறு வலிக்கும். அதனால்தான் மருத்துவர்கள் இதை ‘வயிற்று ஆஞ்சைனா’ என்றும் சொல்கிறார்கள்.

இது அபூர்வமான நோய். அபூர்வம் என்பதாலேயே கடைசியாக நினைவுக்கு வருகிறது. நோயாளி ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் பல மாதங்கள் அலைந்த பிறகே நோயின் பெயர் தெரியவருவது வழக்கம். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள். அவருடைய சாப்பாட்டுத் தட்டைத் தினமும் பார்ப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: வயிற்றுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வயிற்றுக்குள் வந்ததும் முன்பக்கமாக மூன்று கிளைகள் பிரிகின்றன. முதல் கிளையான சீலியாக் தமனி, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் கொடுக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே பிரிவது மேல் குடல் தமனி. சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் முதல் பாதியும் இதை நம்பித்தான் இருக்கின்றன. மூன்றாவதான கீழ் குடல் தமனி சிறியது. பெருங்குடலின் இடப்பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறது. மூன்றில் மிக முக்கியமானது நடுவில் உள்ள மேல் குடல் தமனிதான்.

சும்மா இருக்கும்போதே இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செரிமான உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்ட பிறகு குடலுக்குச் செல்லும் ரத்தம் இரண்டு மடங்கு வரை கூடலாம். உணவை அரைக்க, உறிஞ்ச, முன்னே தள்ள அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும். தமனியின் வாய் கொழுப்புப் படிந்து குறுகியிருந்தால் வெறும் வயிற்றில் ஒன்றும் தெரியாது. உணவு இறங்கியதும் தேவை எகிறும், வரத்து எகிறாது. ஆக்சிஜன் கிடைக்காத குடல் தசை வலியால் முறையிடுகிறது.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் பக்க வாய்க்கால் வழியாகக் கடைமடைக்கு நீர் கொண்டுபோவதுபோல, இந்த மூன்று தமனிகளுக்கு நடுவிலும் இணைப்புக் கிளைகள் உண்டு. ஒன்று மெல்ல மெல்ல அடைபட்டால் மற்றவை விரிந்து ஈடுகட்டும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு மூன்றில் இரண்டு தமனிகளாவது கடுமையாகச் சுருங்கிய பிறகே வலி வருகிறது. ஒன்று மட்டும் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 553 பேரை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 97 பேருக்கு இந்தத் தமனிகளில் ஏதோ ஒன்றிலாவது குறிப்பிடத்தக்க சுருக்கம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோயின் அறிகுறி இல்லை. எனவே ஸ்கேனில் ஒரு சுருக்கம் தெரிந்ததுமே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலியின் குணமும் பொருந்த வேண்டும்.

படி 2: வலி வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

இந்த நோயைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். சாப்பிட்டு 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். நடு வயிற்றில் தொப்புளைச் சுற்றியோ அதற்கு மேலேயோ இறுக்கிப் பிடிக்கும், அல்லது மந்தமாக அழுத்தும். சிலருக்கு முதுகு வரை போகும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் இருந்துவிட்டுத் தானாக அடங்கும். நிறையச் சாப்பிட்டால் அதிகமாக வலிக்கும், கொஞ்சமாகச் சாப்பிட்டால் குறைவாக வலிக்கும். சாப்பிடாத நாளில் வலியே இருக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது என்ன, எவ்வளவு, வலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், வாந்தியோ பேதியோ இருந்ததா. இவ்வளவு போதும். “சாப்பிட்டா வலிக்குது டாக்டர்” என்று சொன்னால் அவர் மனதில் இருபது நோய்கள் ஓடும். “தினமும் சாப்பிட்டு இருபது நிமிஷத்துல ஆரம்பிக்குது, ரெண்டு மணி நேரம் இருக்குது, அரை வயிறு சாப்பிட்டா கம்மியா இருக்கு” என்று நோட்டைக் காட்டிச் சொன்னால் அந்தப் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

படி 3: தட்டையும் எடையையும் பாருங்கள்

வலிக்குப் பயந்து நோயாளி தன்னையறியாமல் உணவைக் குறைத்துக்கொள்வார். மூன்று இட்லி இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், பிறகு காபியோடு நின்றுவிடும். கேட்டால் “பசியில்லை” என்பார். உண்மையில் பசி இருக்கும், சாப்பிட்டால் வலிக்குமே என்ற பயம் அதை மிஞ்சி நிற்கும். இந்த உணவு அச்சம் குடல் ரத்தக்குறைவின் முக்கியமான அடையாளம். எடை குறைவது பெரும்பாலும் இதனால்தான்.

நம் வீடுகளில் இது கண்ணில் படாமல் போக ஒரு காரணம் உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது, அதிலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு. அம்மாவோ பாட்டியோ மாமியாரோ எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில், பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்க்க ஆள் இல்லை. “வயசானா சாப்பாடு குறையத்தான் செய்யும்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வாரத்தில் சில நாளாவது அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்தப் பரிசோதனைக் கூடமும் தராத தகவல் அங்கே கிடைக்கும்.

எடையை மாதம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் பாருங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆனால், காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். எடைக்கருவி இல்லாவிட்டால் தளர்ந்துபோன ரவிக்கையும் கழன்று விழும் வளையலும் சொல்லும்.

படி 4: யாருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவதுதான். புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், அதிகக் கொலஸ்ட்ரால் என்று இதயத்தைக் கெடுப்பவை எல்லாம் குடலையும் கெடுக்கின்றன. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறவர்கள் ஆகியோரிடம் சாப்பாட்டுக்குப் பிந்தைய வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அம்மா புகைபிடிப்பதில்லையே என்று விலக்கிவிடவும் வேண்டாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டுமே போதும்.

இளம் வயதினருக்கு வந்தால் காரணம் வேறாக இருக்கும். ஒன்று தகயாசு நோய். பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி உண்டாக்கும் இந்த நோயை 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு விவரித்தார். மேலைநாடுகளைவிட ஆசியாவில் இது அதிகம், இந்தியாவிலும் பார்க்கிறோம். நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே பெரிதும் தாக்கும். ஒரு கையில் நாடித் துடிப்பு குறைந்திருப்பதும் இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வெவ்வேறாக இருப்பதும் துப்புகள். இன்னொன்று, உதரவிதானத்தின் தசைநார் சீலியாக் தமனியை வெளியிலிருந்து அழுத்துவது. மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் கூடும். இந்த இரண்டுக்கும் சிகிச்சை வேறு, அதனால் காரணத்தைப் பிரித்தறிவது முக்கியம்.

நடுவில் ஓர் எச்சரிக்கை: திடீர் வலி வந்தால் காத்திருக்கக் கூடாது

அமெரிக்க அறுவை மருத்துவர் எங்கிள்பர்ட் டன்ஃபி 1936இல் ஒரு கட்டுரை எழுதினார். குடல் தமனி முழுதும் அடைபட்டு இறந்த 12 பேரின் பழைய கதையைத் தோண்டிப் பார்த்தபோது, அவர்களில் 7 பேருக்கு அதற்கு முன்பே நாள்பட்ட வயிற்று வலி இருந்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் வரும் வலி ஓர் எச்சரிக்கை மணி என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான். சுருங்கிய தமனியில் ஒருநாள் ரத்தம் உறைந்துவிட்டால் குடல் அழுகத் தொடங்கும்.

அப்போது வரும் வலி வேறு மாதிரி இருக்கும். திடீரென்று வரும், தாங்க முடியாது, சாப்பாட்டோடு தொடர்பு இருக்காது, மணிக்கணக்கில் அடங்காது. கூடவே வாந்தி வரலாம், வயிறு கழியலாம். ஆள் துடித்துக்கொண்டிருப்பார், ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மென்மையாகவே இருக்கும். இந்தப் பொருத்தமின்மையே ஆபத்தின் அடையாளம். வயிறு கல்லாக இறுகி, மலத்தில் ரத்தம் தெரிகிறபோது நேரம் கடந்திருக்கும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு, முன்பு எந்த வயிற்று வலியும் இல்லாமலே இது வரலாம். இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டி நேராகப் போய்க் குடல் தமனியை அடைத்துவிடுகிறது.

இப்படி வலி வந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள். ரத்தம் முற்றிலும் நின்றுபோன குடல் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். தாமதமாக வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். “காலையில பார்த்துக்கலாம்” என்று ஓர் இரவைக் கடத்துவது இங்கே உயிரை விலையாகக் கேட்கும்.

படி 5: மற்ற நோய்களை முறையாக விலக்குங்கள்

சாப்பிட்டபின் வலிக்கும் நோய்கள் பல. சிறுகுடல் தொடக்கத்தில் வரும் அல்சரில் பசித்தால் வலிக்கும், சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கும். இரைப்பை அல்சரில் சாப்பிட்டதும் வலிக்கலாம், எனவே குழப்பம் வரும், எண்டோஸ்கோப்பியில் தெரிந்துவிடும். பித்தப்பைக் கல் வலது விலாவுக்குக் கீழே வலிக்கும், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட இரவில் வரும், ஆனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் தவறாமல் வராது. எரிச்சல் குடல் நோயில் மலம் கழித்தால் வலி குறையும், எடை குறைவதில்லை.

வலியும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது புற்றுநோய் இருக்கிறதா என்பதைத்தான். இரைப்பை, கணையம், பெருங்குடல் மூன்றையும் சோதிப்பார்கள். இதில் அவசரம் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு வரும் கட்டத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். எண்டோஸ்கோப்பி நார்மல், வயிற்று ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல். “ஒண்ணும் இல்லைம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று சொல்லித் தூக்கமாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். எண்டோஸ்கோப்பி குடலின் உட்புறத்தைப் பார்க்கிறது. சாதாரண வயிற்று ஸ்கேன் கல்லையும் கட்டியையும் தேடுகிறது. தமனிகளை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை. வலித்துக்கொண்டே, இளைத்துக்கொண்டே இருக்கும் ஒருவரின் எல்லா அறிக்கைகளும் நார்மல் என்றால், சோதிக்காமல் விட்ட இடம் எது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

படி 6: தமனியைப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்

மரியாதையாக, நேராகக் கேளுங்கள்: “டாக்டர், குடலுக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பு இருக்குமா? டாப்ளரோ ஆஞ்சியோகிராமோ எடுத்துப் பார்க்கலாமா?” நோட்டும் எடைக் கணக்கும் கையில் இருந்தால் நல்ல மருத்துவர் யாரும் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சிலருக்கு உஸ் என்ற ரத்த ஓட்டச் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

முதலில் டாப்ளர் ஸ்கேன். வலியில்லை, ஊசியில்லை, செலவும் குறைவு. சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். மேல் குடல் தமனியில் அந்த வேகம் நொடிக்கு 275 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்று கணிப்பது வழக்கம். சீலியாக் தமனிக்கு அந்த எல்லை 200. காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். குடலில் வாயு இருந்தால் தமனி தெரியாது. உடல் பருத்தவர்களுக்கும் இதில் சரியாகத் தெரியாமல் போகலாம். பார்ப்பவரின் அனுபவத்தையும் பெரிதும் பொறுத்தது.

உறுதி செய்வது சி.டி. ஆஞ்சியோகிராம். கை ரத்தநாளத்தில் சாய மருந்து ஏற்றி, அது தமனிகளில் ஓடும் நொடியில் படம் எடுப்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முன்பு எடுத்த ‘சி.டி. வயிறு’ அறிக்கை கையில் இருந்தாலும் அது போதாமல் போகலாம். சாதாரண சி.டி.யில் சாயம் தமனியைத் தாண்டிய பிறகு படம் எடுப்பது வழக்கம், தமனியின் வாய் தெளிவாக விழாது. பெருந்தமனியைப் பக்கவாட்டில் காட்டும் படமும் வேண்டும், ஏனென்றால் அடைப்பு பெரும்பாலும் கிளை பிரியும் இடத்திலேயே இருக்கும். ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் ‘சாப்பிட்டபின் வலி, எடைக்குறைவு, குடல் தமனிச் சந்தேகம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தைப் படிக்கும் மருத்துவர் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பார்.

சாய மருந்துக்கு முன், சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 7: சிகிச்சையைத் தெரிந்து தேர்ந்தெடுங்கள்

அறிகுறி உள்ளவருக்கு மாத்திரை மட்டும் போதாது. அடைப்பைத் திறந்து ரத்த ஓட்டத்தை மீட்க வேண்டும். 1958இல் ஷாவும் மேனார்டும் குடல் தமனி அடைப்பை அறுவை சிகிச்சையால் வெற்றிகரமாக நீக்கினார்கள். 1980இல், இதயத் தமனிக்கு பலூன் சிகிச்சையைக் கொண்டுவந்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்கின் குழு குடல் தமனியையும் பலூனால் விரித்துக் காட்டியது. இன்று பெரும்பாலோருக்கு முதல் தேர்வு பலூனும் ஸ்டென்ட்டும்தான். தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியாகக் கம்பியைச் செலுத்தி, சுருங்கிய இடத்தை விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை, சில நாளில் வீடு திரும்பலாம். இளைத்துத் துவண்ட முதியவருக்கு இதுவே பாதுகாப்பு.

குறையும் உண்டு. சில ஆண்டுகளில் ஸ்டென்ட் மீண்டும் சுருங்கலாம். துணி போன்ற உறை போர்த்திய ஸ்டென்ட்டில் அது குறைவு என்று நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது, அதனால் எந்த வகை ஸ்டென்ட் என்று கேளுங்கள். பைபாஸ் அறுவை சிகிச்சை நீண்ட நாள் நிலைக்கும், ஆனால் பெரிய அறுவை, தாங்கும் உடல் வேண்டும். வயது குறைவாக உள்ளவருக்கும் ஸ்டென்ட் வைக்க வழியில்லாதவருக்கும் அது பொருத்தம். தகயாசு நோயில் அழற்சி தணிந்த பிறகே தமனியைத் தொடுவது நல்லது. தசைநார் அழுத்தத்தில் முதலில் அந்தத் தசைநாரை விடுவிக்க வேண்டும். வெளியிலிருந்து நசுக்கும் இடத்தில் ஸ்டென்ட் தாக்குப்பிடிக்காது.

பார்க்க வேண்டியவர் ரத்தநாள அறுவை மருத்துவர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

படி 8: சிகிச்சை நடக்கும்வரை சாப்பாட்டைச் சிறிதாக்குங்கள்

மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். ஒரு கைப்பிடிச் சோறு நன்கு குழைத்து, அரை டம்ளர் கஞ்சி, ஒரு முட்டை, கொஞ்சம் தயிர். எண்ணெயில் பொரித்தது குடலுக்கு அதிக வேலை வைக்கும், தவிருங்கள். “இன்னும் ஒரு கரண்டி” என்று அன்பால் வற்புறுத்தாதீர்கள். தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் வற்றினால் சுருங்கிய தமனியில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர்களும் அதை நிறுத்த வேண்டும். இவை தற்காலிக ஏற்பாடு மட்டுமே. உடம்பைத் தேற்றிக்கொண்டு பிறகு சிகிச்சைக்குப் போகலாம் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. ரத்தம் போகாத குடல் உடம்பைத் தேற்ற விடாது.

படி 9: சிகிச்சைக்குப் பிறகு

வலி பலருக்கு ஓரிரு நாளிலேயே போய்விடும். எடை மெதுவாக, மாதங்களில் திரும்பும். சாப்பாட்டின் மேல் உள்ள பயம்தான் கடைசியாகப் போகும், அவசரப்படுத்தாதீர்கள். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென விருந்து வைப்பதும் கூடாது. சிலருக்குச் சில வாரம் பேதி இருக்கலாம்.

ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் பொதுவாக ஆயுள் முழுதும் தொடரும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு முதல் சில மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரலும் சேர்ந்திருக்கும். பல் பிடுங்குவதற்காகக்கூட மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. டாப்ளர் ஸ்கேனை முதல் மாதத்தில் ஒருமுறையும், முதல் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் எடுப்பார்கள்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாப்பிட்டபின் பழைய வலி மறுபடி எட்டிப் பார்த்தாலோ, ஏறிய எடை இறங்கினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இராமல் அந்த வாரமே ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் போங்கள். மீண்டும் சுருங்கியிருந்தாலும் முழுதாக அடைபடுவதற்கு முன் பார்த்துவிட்டால் பெரும்பாலும் பலூனாலேயே திறந்துவிடலாம்.